வீட்டில் சும்மா இருந்த நேசபாய்

“வேலை என்ன?” என்று டாக்டர் கேட்டது நேசபாயிடம்தான். பதில் சொன்னது அவளுடைய வீட்டுக்காரர் ராஜையன்.

“வேலை ஒண்ணும் இல்ல சாரே. வீட்டுல சும்மாதான் இருக்கா.”

நேசபாய் வாயைத் திறந்தாள். ராஜையன் அவள் பக்கம் திரும்பாமலே முழங்கையால் மெல்ல ஒரு இடி இடித்தார். பெரிய டாக்டர் முன்னால் பெண்பிள்ளை குறுக்கே பேசுவது மரியாதை இல்லை என்பது திருவட்டாறு பக்கத்தில் யாரும் எழுதிவைக்காத சட்டம். ஆண்பிள்ளை கூட வந்திருக்கிறான் என்றால் நோய் யாருக்கானாலும் வாய் அவனுக்குத்தான். வயிற்றுவலிக்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வலி எந்த இடத்தில், எப்போது தொடங்கியது, சாப்பிட்டால் கூடுமா குறையுமா என்பதையெல்லாம் பக்கத்தில் இருப்பவன் சொல்லிக்கொண்டிருப்பான். டாக்டர்களுக்கும் அது பழகிப்போயிற்று.

டாக்டர் கிருஷ்ணமணிக்கும் பழகித்தான் போயிருந்தது. நெஞ்சு ஆபரேஷனில் கெட்டிக்காரர், நாற்பதைத் தொடாத வயது. கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே அடுத்த கேள்வியைப் போட்டார்.

“பீடி, சிகரெட், மூக்குப்பொடி ஏதாவது?”

ராஜையனுக்குச் சுருக்கென்றது. “சாரே, நாங்க சபைக்குப் போற குடும்பமாக்கும். நான் கமிட்டி மெம்பர். எங்க வீட்டுல ஆம்பிளைகளே பீடி தொடமாட்டோம்.”

“நல்லது,” என்று சொல்லி டாக்டர் இரண்டு தட்டு தட்டினார். இருபத்தைந்து வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவான ஒரு பெண்ணின் உழைப்பு அந்த இரண்டு தட்டில் இல்லாமல் போனது. பிற்பாடு நடந்த அத்தனைக்கும் காரணம் அந்த ஒரு சொல். சும்மா.

அவள் எப்படிச் சும்மா இருந்தாள் என்பதைச் சொல்லாமல் இந்தக் கதையைக் கொண்டுபோக முடியாது.

கல்யாணமாகி வந்தபோது ராஜையன் மற்றவர்களுடைய ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தார். கொஞ்சம் கை ஊன்றியதும் யாவாரத்துக்கு இறங்கினார். சின்னத் தோட்டக்காரர்கள் பாலை உறையவைத்து, மெஷினில் அழுத்தி, வெள்ளை வெளேரென்று ஈர ஷீட்டாக வைத்திருப்பார்கள். அதை வாங்கிவந்து புகையில் உணக்கிக் காயவைத்தால்தான் சரக்கு. அதற்காக வீட்டுக்குப் பின்னால், அடுக்களைச் சுவரை ஒட்டியே ஒரு புகைப்புரை கட்டினார். ஜன்னல் இல்லாத ஒற்றை அறை. மேலே வரிசை வரிசையாகக் கம்புகள், கீழே தீக்குழி, ஒரு தகரக் கதவு.

கட்டியது ராஜையன். அதற்குள் போனது நேசபாய்.

ரப்பர் உணக்குவது அடுப்பு எரிக்கிற மாதிரி இல்லை. அடுப்பில் தீ எரிய வேண்டும், புகை வரக்கூடாது. இங்கே நேர்மாறு. புகை வேண்டும், தீ எழும்பக்கூடாது. தீ ஒரு நாக்கு நீண்டுவிட்டால் தொங்குகிற ஷீட் மொத்தமும் பற்றிக்கொள்ளும். அதனால் தேங்காய் உரித்த தொண்டு மட்டையையும் பச்சை ரப்பர் விறகையும் அடுக்கி, ஊதி, தணித்து, தண்ணீர் தெளித்து, ராவும் பகலும் ஒருத்தி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஷீட்டை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட வேண்டும். திருப்பும்போது கதவைத் திறந்து வைக்கலாமே என்று கேட்கலாம். திறந்தால் சூடு போய்விடும், ஷீட்டில் பூசணம் வரும், பூசணம் வந்தால் தரம் போகும். ஆகவே நேசபாய் உள்ளே போனதும் முதல் காரியமாகக் கதவை இழுத்துச் சாத்திக்கொள்வாள். நனைத்த தோர்த்துத் துண்டை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, கையால் தடவித் தடவியே வேலை செய்வாள்.

கர்ப்பமாக இருந்தபோதும் போனாள். மகள் ஜிஷாவைப் பெற்று எழுந்து போனாள். நல்ல வெள்ளியன்றுகூட ஆராதனை முடிந்து வந்து வெள்ளைச் சேலையை மாற்றிவிட்டுப் போனாள். வெள்ளையாக உள்ளே போகிற ஷீட் கருப்பட்டி நிறத்தில் வெளியே வரும். அதைப் பைக்கில் கட்டிக்கொண்டு ராஜையன் கடைக்குப் போவார். ஊரில் அவருக்கு ‘ரப்பர் யாவாரி’ என்று பெயர் வந்தது. ‘ராஜையனுக்க சரக்கு நல்ல சரக்கு’ என்று பெயர் வந்தது. நேசபாய்க்கு இருமல் வந்தது.

ராஜையன் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. அடித்தது கிடையாது, குடித்தது கிடையாது. டாக்டரிடம் அவர் பொய் சொல்லவும் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். புகைப்புரை இருப்பது வீட்டு வளாகத்தில். வளாகத்துக்குள் நடப்பது வீட்டுக் காரியம். வீட்டுக் காரியம் பார்க்கிறவள் வேலைக்குப் போகிறவள் இல்லை. அவர் மனசில் இந்தக் கணக்கு இத்தனை சுத்தமாக இருந்தது. கணக்கெடுப்புக்கு வந்த ஒரு வாத்தியார் புகைப்புரைக்கு முன்னால் நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கரி படிந்த கையால் நேசபாய் கொடுத்த மோரையும் குடித்துவிட்டு, வேலை இல்லாதவர் என்று எழுதிக்கொண்டு போனார். ஜிஷா பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோதும், டீச்சர் டிரெயினிங்கில் சேர்ந்தபோதும் அம்மையின் வேலை என்ற இடத்தில் அதையேதான் எழுதினார்கள். யாருக்கும் உறுத்தவில்லை. நேசபாய்க்கு உறுத்தியது. ஆனால் யாரிடம் சொல்ல?

சபையில் வைத்த மருத்துவ முகாமில் இருமலுக்காக நெஞ்சைப் படம் எடுத்தார்கள். வலது பக்கம் மேலே ஒரு புள்ளி தெரிந்தது. ஸ்கேன், ஊசி என்று போய், கடைசியில் அது சின்னக் கட்டிதான், ஆனால் நல்ல கட்டி இல்லை என்று ஆனது. அப்படித்தான் அவர்கள் டாக்டர் கிருஷ்ணமணியிடம் வந்து சேர்ந்தார்கள். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். பெயர் சொன்னால் அந்த ஒரு ஆஸ்பத்திரியில் மட்டும்தான் இப்படி நடக்கிறது என்று ஆகிவிடும்.

ஆபரேஷனுக்கு முன்னால் மூச்சு ஊதிப் பார்க்கிற பரிசோதனை. மூக்கில் ஒரு கிளிப்பை மாட்டி, வாயில் குழாயைக் கொடுத்து, “இழுங்க, இழுங்க, இப்பம் ஒரே ஊதா ஊதுங்க, விடாதீங்க, விடாதீங்க” என்று ஒரு பையன் கத்தினான். நேசபாய் உயிரைக் கொடுத்து ஊதினாள். கண் இருட்டிக்கொண்டு வந்தது.

“மாமி, நல்லா ஊதல்ல. மறுபடி.”

மறுபடி ஊதினாள். அதுவும் போதவில்லை. மறுபடியும். கதவருகே நின்ற ராஜையன் சிரித்தார். “அவளுக்கு ஊதத் தெரியாது தம்பி. வீட்டுல கேஸ் அடுப்பாக்கும்.”

பையனும் சிரித்தான். நேசபாய்க்கு அந்தக் குழாயைப் பிடுங்கி இருவர் வாயிலும் திணிக்க வேண்டும் போல் இருந்தது. தொண்டுத் தீயை ஊதி ஊதித்தானே வீட்டின் மாடி எழுந்தது? சொல்லத்தான் மூச்சில்லை. மூச்சு திரும்பியபோது பையன் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டான்.

ஊதின அளவு மோசமாக வந்திருந்தது. டாக்டர் அதைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார். பையன், “பேஷண்டு ஒத்துழைக்கல்ல சார், வெக்கப்படுதாங்க” என்றான். பீடி இல்லை, வேலை இல்லை, வீட்டில் சும்மா இருக்கிற பெண். இவளுக்கு மூச்சு இவ்வளவு குறைவாக இருக்க நியாயமே இல்லை என்று டாக்டருக்கும் பட்டது. ஸ்கேனில் அங்கங்கே தெரிந்த இருட்டை வயசின் கணக்கில் எழுதினார். மெஷின் சொன்ன உண்மையைத் தள்ளிவிட்டு மனுஷன் சொன்ன சொல்லை எடுத்துக்கொண்டார்.

பிறகு அவர் சந்தோஷமாக விளக்கினார். நெஞ்சைப் பிளக்க வேண்டியதில்லை. பூட்டில் தாக்கோல் போடுகிற துவாரம் மாதிரி சின்னச் சின்னதாய் மூன்று துவாரம். ஒன்றில் கேமரா, மற்றதில் கருவி. கட்டி இருக்கிற பகுதியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, வெட்டின ஓரத்தைத் தைத்துவிடுவோம்.

“ஒரே ஒரு விஷயம்தான்,” என்றார். “தைச்ச இடத்துல இருந்து சில பேருக்கு காத்து கசியும். அதுக்காக நெஞ்சுல ஒரு குழாய் வச்சிருப்போம். சில பேருக்கு கசிவு நாள்கணக்கா நிக்காது. யாருக்குக் கசியும், யாருக்குக் கசியாதுன்னு இப்ப முன்னாலயே கணிச்சுச் சொல்லலாம். அதுக்குன்னு ஒரு கணக்கு இருக்கு. ஆபத்து உள்ளவங்கன்னா தைக்கும்போதே கூடுதலா பட்டை வச்சுத் தைப்போம், பசை போடுவோம். உங்க வீட்டம்மாவுக்குக் கணக்கு ரொம்ப நல்லா வந்திருக்கு. அதெல்லாம் தேவையே இல்லை. மூணாம் நாள் குழாயை எடுத்துட்டு வீட்டுக்குப் போயிரலாம்.”

கணக்கின் மேல் குற்றம் சொல்ல முடியாது. கொடுத்ததை வைத்துத்தான் அது சொல்லும். கொடுத்தது ராஜையன்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது, கட்டி முழுசாக வந்தது. நேசபாய் கண்விழித்தபோது விலாவிலிருந்து ஒரு குழாய் கிளம்பி, கட்டிலுக்குக் கீழே இருந்த பாட்டிலுக்குள் போயிற்று. பாட்டிலில் தண்ணீர். அவள் மூச்சு விடும்போதெல்லாம் அந்தத் தண்ணீரில் குமிழி எழுந்தது. இருமினால் களகளவென்று எழுந்தது.

“குமிழி நின்னா குழாயை எடுத்திரலாம் மாமி,” என்றாள் வார்டு நர்ஸ் ரெஜிஷா. தக்கலைக்காரி, நல்ல பெண்.

மூன்றாம் நாள் வந்தது. குமிழி நிற்கவில்லை. நாளைக்கு நிற்கும் என்றார் டாக்டர். அந்த நாளைக்கும் வந்தது. எதிர்க் கட்டிலில் இருந்தவர், பீடி குடித்துக் குடித்து உதடு கறுத்த மனுஷன், அவளுக்குப் பிறகு ஆபரேஷன் ஆனவர், பட்டை வைத்துத் தைத்து, பசையும் போட்டு, குழாயை எடுத்து வீட்டுக்கும் போய்விட்டார். அவர் பீடி குடிப்பதை மறைக்கவில்லை. கேட்டதும் பெருமையாகவே சொல்லியிருந்தார். நேசபாய் அவர் போவதைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். அவர் மேல் அவளுக்கு ஒரு கோபமும் இல்லை. கோபம் எல்லாம் வேறு இடத்தில் சேர்ந்துகொண்டிருந்தது.

டாக்டர் பாட்டிலைச் சுவரில் இருந்த உறிஞ்சு குழாயோடு இணைக்கச் சொன்னார். உறிஞ்சினால் நுரையீரல் விரிந்து நெஞ்சின் உட்சுவரில் ஒட்டும், ஓட்டை அடையும் என்பது அவருடைய எண்ணம். ஒட்டவில்லை. குமிழி சோறு கொதிப்பது போல் கொதிக்கத் தொடங்கியது. நேசபாய்க்கு நெஞ்சுக்குள் யாரோ கையை விட்டு இழுப்பது போல் வலி.

“மாமி சரியா மூச்சுப் பயிற்சி பண்ணணும்,” என்றான் பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்தவன். “பேஷண்டு ஒத்துழைச்சாத்தான் நடக்கும்.”

மறுபடியும் அந்தச் சொல். நேசபாய் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அன்று மத்தியானம் டாக்டர் ராஜையனை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். கட்டிலில் கிடக்கிறவளைத் தாண்டிப் போய், வராந்தாவில் நிற்கிறவரிடம் பேசினார். கொஞ்ச நேரம் கழித்து ராஜையன் உள்ளே வந்தார். முகம் வெளிறியிருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு, பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காதபடி குனிந்தார்.

“ஏட்டி, டாக்டரு சொல்லுதாரு, கசிவு நிக்கல்லன்னா நெஞ்சை நல்லா பிளந்து ஒருக்கா கூட ஆபரேஷன் செய்யணுமாம். இந்த தடவை சின்ன துவாரம் இல்ல.”

நேசபாய் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஒரு தடவை பிழைத்தாயிற்று. இரண்டாம் தடவை இந்த உடம்பு தாங்காது என்று அவளுக்கே தெரிந்தது. ஜிஷாவைப் பெண் பார்க்க மார்த்தாண்டத்தில் இருந்து வருகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். அந்தக் கல்யாணத்தைப் பார்க்காமலே போய்விடுவோமோ என்று பயந்தாள்.

ராஜையன் இன்னும் குனிந்தார். குரல் இன்னும் தாழ்ந்தது.

“உள்ள கேமரா வச்சுப் பாத்தப்பம் உனக்க நுரையீரல் கறுத்துக் கெடந்துதாம். பீடி குடிக்கியவங்களுக்குத்தான் அப்படி இருக்குமாம். மறைக்காம சொல்லணும்னு டாக்டரு கேக்காரு.” பக்கத்துக் கட்டிலை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். “நீ எனக்குத் தெரியாம பீடி வல்லதும் குடிச்சியா பிள்ளே?”

நேசபாய் அவரைப் பார்த்தாள்.

அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார். இத்தனை வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தவர். அவள் தலைமுடியில் இருந்த புகை நாற்றத்தோடு ஒரே பாயில் படுத்தவர். அவள் இருமுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே சோறு தின்றவர். அந்தக் கறுப்பு எங்கிருந்து வந்தது என்று அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. தன் பெண்டாட்டி ஒளிந்து நின்று பீடி குடித்திருப்பாள் என்று நினைக்க முடிந்தது. வீட்டுக்குப் பின்னால் தாமே கட்டிய புகைப்புரையை மட்டும் நினைக்க முடியவில்லை.

“ரெஜிஷா,” என்று நேசபாய் கூப்பிட்டாள். குரல் வார்டு முழுக்கக் கேட்டது. பாட்டில் களகளத்தது. “மக்கா, டாக்டரைக் கூப்பிடு. எனக்குப் பேசணும். இவரு இல்ல, நான் பேசணும்.”

“ஏட்டி, பைய,” என்றார் ராஜையன்.

“பைய பேசிப் பேசித்தான் இங்க கெடக்கேன்.”

டாக்டர் கிருஷ்ணமணி வந்தார். வழக்கம்போல அவர் கண் முதலில் ராஜையனிடம் போயிற்று. நேசபாய் விடவில்லை.

“சாரே, இங்க என்னப் பாருங்க. நெஞ்சு எனக்கதாக்கும். பீடி குடிச்சியான்னு அவருட்ட கேட்டு விட்டியளே, எனக்கு வாய் இல்லியா? கேளுங்க. நான் பீடி குடிக்கல்ல. பீடியை விட பெரிசு குடிச்சேன். இவரு ரப்பர் யாவாரம் பண்ணுதாருல்லியா, அந்த ரப்பரு யாரு புகை போட்டதுன்னு நெனைக்கிதியள்? எனக்க வீட்டுக்குப் பின்னால புகைப்புரை இருக்கு. ஜிஷா பிறக்கியதுக்கு முன்ன உள்ள புரை. கதவைச் சாத்திக்கிட்டு உள்ள நிப்பேன். தீயை ஊதுவேன், ஷீட்டைத் திருப்புவேன். துப்பினா கறுப்பாத்தான் வரும். இதுக்குப் பேரு சும்மா இருக்கியதா? நீங்க வேலை என்னன்னு கேட்டிய. இவரு சும்மா இருக்கான்னு சொன்னாரு. நீங்களும் சும்மா இருக்கான்னு தட்டிக்கிட்டிய. எனக்க கையப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். ஒருத்தரும் பாக்கல்ல.”

இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லவில்லை. அவளிடம் ஒரே மூச்சு இல்லை. நிறுத்தி நிறுத்தி, இருமி, விலாவைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். நிறுத்தின இடத்திலெல்லாம் பாட்டில் பேசியது.

“இதை ஏன்மா முன்னாலயே சொல்லல?” என்றார் டாக்டர். அவருக்கும் கோபம் வந்திருந்தது.

“சொல்ல வாயத் தெறந்தேன். இவரு இடிச்சாரு. நீங்க குனிஞ்சு இருந்திய. அங்க குழாயில ஊதச் சொன்னப்பம் உயிரைக் குடுத்து ஊதினேன். நான் ஊதல்லன்னு சொல்லிட்டிய. ஊதினேன் சாரே. எனக்கு உள்ளது அவ்வளவுதான்.”

டாக்டர் ராஜையனைத் திரும்பிப் பார்த்தார். ராஜையன் தரையைப் பார்த்தார். “அது வீட்டுல உள்ள புரை தானே சார்... வேலைக்கொண்ணும் போகல்லியே...” என்று முனகினார். தான் செய்த தப்பு என்னவென்று அப்போதும் அவருக்கு முழுசாகப் பிடிபடவில்லை.

டாக்டர் ஸ்டூலைக் காட்டி, “கொஞ்சம் எழுந்திரிங்க” என்றார். ராஜையன் எழுந்தார். அந்த ஸ்டூலில் டாக்டர் உட்கார்ந்து, நேசபாயின் கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். ரேகைக்குள் போயிருந்த கறை எத்தனை ஆஸ்பத்திரி சோப்புக்கும் போகவில்லை. என்ன விறகு, எவ்வளவு நேரம் உள்ளே, இருமல் எப்போது கூடும், மழைக்காலத்தில் இளைப்பு உண்டா என்று ஒவ்வொன்றாக அவளிடமே கேட்டார். அவள் சொன்னாள். ஒரு ஆள் தன் வேலையைப் பற்றித் தன்னிடம் கேட்பது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பாதியில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அழுகையோடு சேர்ந்து கோபமும் வந்தது. இந்தக் கேள்வியைக் கேட்க நெஞ்சில் ஓட்டை விழ வேண்டுமா?

“நீங்க ஊதினது சரியான ஊதுதான்மா,” என்றார் டாக்டர் கடைசியில். “தப்பா எடுத்தது நாங்க.”

உறிஞ்சு குழாயை அப்போதே கழற்றச் சொன்னார். கழற்றியதும் பாட்டிலின் கொதிப்பு அடங்கி, பழையபடி ஒன்றிரண்டு குமிழியாயிற்று. தையல் விட்டுப்போயிருக்கும், திரும்பத் திறந்து தைத்தால் சரியாகும் என்று இதுவரை எண்ணியிருந்ததாகச் சொன்னார். இப்போது விஷயம் வேறு. புகையில் நைந்த நுரையீரல் இது. நைந்த துணியில் தையல் போட்டால் தையலுக்குப் பக்கத்தில் கிழியும். உறிஞ்சி இழுத்தால் இன்னும் கிழியும், பிளந்து தைத்தாலும் கிழியும். முன்னாலேயே தெரிந்திருந்தால் பட்டை வைத்துத் தைத்திருக்கலாம். இனி இழுக்காமல், தொந்தரவு பண்ணாமல் விட்டு, அது தானாக மூடும்வரை பொறுத்திருப்பதுதான் வழி.

“அப்பம் நெஞ்சைப் பிளக்கண்டாமா?” என்றாள் நேசபாய்.

“வேண்டாம்மா.”

சில நாளில் பாட்டிலை எடுத்துவிட்டு, குழாயின் முனையில் கையடக்கமாக ஒரு வால்வும் பையும் மாட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். வால்வுக்குள் ஒரு ரப்பர் நாக்கு. காற்றை வெளியே விடும், உள்ளே விடாது. மூச்சு விடும்போதெல்லாம் அது ‘ப்ர்ர்’ என்று படபடக்கும். அந்தச் சத்தம் நிற்கிற நாளில் கசிவு நின்றது என்று அர்த்தம், அன்றைக்கு வாருங்கள் என்றார் டாக்டர்.

நின்றது என்பதை இப்போதே சொல்லிவிடலாம். ஜிஷாவின் கல்யாணத்துக்கு வெகு முன்பே நின்று, குழாயும் போயிற்று. ஆனால் சொல்ல வேண்டியது அது நிற்பதற்கு முன்னால் நடந்த ஒரு காரியம்.

இனி நேசபாய் புகைப்புரைப் பக்கம் போகக்கூடாது என்று டாக்டர் ராஜையனின் முகத்தைப் பார்த்தே சொல்லி அனுப்பியிருந்தார். உள்ளே பாதி உணங்கின ஷீட் கிடந்தது. ராஜையன் தோர்த்தைக் கட்டிக்கொண்டு தாமே போனார். கதவைச் சாத்தினார். ஒரு பாட்டு பாடி முடிக்கிற நேரம்கூட இருந்திருக்க மாட்டார். கதவைத் தள்ளிக்கொண்டு வந்து கிணற்றடியில் குத்தவைத்து உட்கார்ந்து, கண்ணீரும் மூக்குமாக இருமினார். நேசபாய் அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு இப்போதாவது விளங்கியிருக்கும் என்று நினைத்தாள். தண்ணீர் கொண்டு போய்க் கொடுத்தாள். புரை அதோடு மூடிக் கிடந்தது.

பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை ஷிபு மஸ்கட்டில் வேலை, லீவில் வந்திருந்தான். கூட அவனுடைய அம்மையும் பெரியப்பாவும். ராஜையன் அன்று காலையிலேயே நேசபாயிடம், “நீ உள்ள முறியில இரி. இந்த டியூபும் பையும் அவங்க காணண்டாம். காய்ச்சல்னு சொல்லியேன்” என்று சொல்லியிருந்தார். ஜிஷா, “அப்பா, அம்மை வரட்டு” என்றாள். அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

நேசபாய் உள்ளறைக் கட்டிலில் இருந்தாள். முன்னறையில் பேசுவது நன்றாகக் கேட்டது. வீடு, தோட்டம், சபை, ஜிஷாவின் ஸ்கூல் என்று பேச்சு போயிற்று. பிறகு மாப்பிள்ளையின் அம்மை கேட்டாள்.

“பிள்ளைக்க அம்மை என்ன செய்யா?”

நேசபாய் மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைக் கொடுத்தாள். ஆஸ்பத்திரியில் தலைகுனிந்து நின்ற மனுஷன், கிணற்றடியில் இருமின மனுஷன், இப்போதாவது சொல்வார்.

“ஓ, அவ ஒண்ணும் செய்யல்ல,” என்றார் ராஜையன், சிரித்துக்கொண்டே. “எங்க வீட்டுப் பெண்பிள்ளைகளை நாங்க வேலைக்கு விடமாட்டோம். வீட்டுல சும்மா இருக்கா.”

போன தடவை அறியாமல் சொன்னார். இந்தத் தடவை அறிந்தே சொன்னார்.

நேசபாய் எழுந்தாள். பையைச் சேலை முந்தானைக்குள் மறைக்கவில்லை, கையிலேயே எடுத்துக்கொண்டாள். முன்னறைக்கு வந்து காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். ராஜையனின் சிரிப்பு முகத்திலேயே காய்ந்துபோயிற்று. கொஞ்ச தூரம் நடந்ததில் அவளுக்கு இளைத்தது. மூச்சு விட்டாள். ‘ப்ர்ர்’ என்றது வால்வு.

மாப்பிள்ளையின் அம்மை திரும்பிப் பார்த்தாள். “அதென்ன சத்தம்?”

“ஃபேனாக்கும்,” என்றார் ராஜையன் அவசரமாக. “பழைய ஃபேனு.”

“ஃபேன் இல்ல,” என்றாள் நேசபாய். “எனக்க நெஞ்சு. நான் இந்த வீட்டுல இத்தனை வருஷம் சும்மா இருந்தேனில்லியா, அதுக்க சத்தம்.”

ஜிஷா டீத் தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து அம்மையின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள். நேசபாய் மூச்சு விட்டாள், வால்வு மறுபடி படபடத்தது. ராஜையனும் உட்கார்ந்து கேட்க வேண்டியதாயிற்று.